இரத்தத்தில் இரும்பு மிகுந்தால்

இரும்பு என்றால் உறுதி. அது எவ்வளவு மிகுந்தாலும் நன்மையே என்பது நம்மவர் உள்ளத்தில் ஆழப் பதிந்துவிட்ட எண்ணம். குழந்தை வெளிறிப் போனால் முருங்கைக்கீரையை நாடுகிறோம். கருவுற்ற பெண்ணுக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறோம். களைப்பு என்று சொல்பவரிடம் பேரீச்சம்பழத்தை நீட்டுகிறோம். இவை பிழையான வழக்கங்கள் அல்ல. நம் நாட்டில் இரத்த சோகையே பெருங்குறை. 2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேரும், அதே வயதினரான ஆண்களில் நூற்றுக்கு 25 பேரும் இரத்த சோகை உடையவர்கள். இத்தகைய நாட்டில் ஒருவரை அழைத்து, "உமது இரத்தத்தில் இரும்பு மிகுந்திருக்கிறது, மும்முறை பார்த்தும் அது குறையவில்லை" என்று சொன்னால் அவர் திகைக்காமல் என்ன செய்வார்?

அவ்வாறு திகைத்தவர்களுள் நானும் ஒருவன். பெங்களூரில் அலசூரை அடுத்த ஜோகுபாளையத்தில் வசித்து வருகிறேன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பு வேலை. நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கான உடற்பரிசோதனையில் ஃபெரிட்டின் என்னும் பொருள் மில்லிலிட்டருக்கு 640 நானோகிராம் இருப்பதாக எனக்குத் தாள் வந்தது. ஆண்களுக்கு 300 வரை இருக்கலாம் என்று அதன் ஓரத்தில் அச்சிட்டிருந்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது 655. மேலும் மூன்று மாதம் சென்றபின் 630. பரிசோதனைச் சாலையில் தாளைக் கொடுத்த இளைஞர், "கப்பிணாம்ச ஜாஸ்தி இதெ, சார்" என்று கன்னடத்தில் சொன்னார். இரும்புச் சத்து அதிகம் என்பது அதன் பொருள்.

அன்று மாலையே என் வீட்டில் சட்டங்கள் பிறந்தன. முருங்கைக்கீரை வாங்கக் கூடாது. கேழ்வரகுக் களி கூடாது. இரும்புத் தோசைக்கல் பரணுக்குப் போக வேண்டும். என் மனைவி இரத்த சோகைக்காகச் சாப்பிட்டுக் கொண்டிருந்த மாத்திரைப் பட்டையைப் பார்த்து, "உங்களுக்கு மிகுந்திருக்கிறதென்றால் எனக்கும் மிகுந்திருக்குமோ?" என்று கேட்டாள். "இருவரும் ஒரே உலைச் சோற்றைத்தானே உண்கிறோம், நிறுத்திவிடு" என்றேன். அந்த விடை எத்துணைத் தவறானது என்பதை இக்கட்டுரையின் இறுதியில் சொல்லுகிறேன்.

பின்னர் நான் நாடிய மருத்துவர் வயது முதிர்ந்தவர். என் மூன்று தாள்களையும் வரிசையாக மேசைமீது பரப்பி வைத்துக்கொண்டு, "இவற்றில் இரும்பு என்ற சொல் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்றார். தேடினேன், இல்லை. ஃபெரிட்டின் என்றுதான் இருந்தது. அதை இரும்பு என்று மொழிபெயர்த்தவர் பரிசோதனைச் சாலை இளைஞர். அம்மொழிபெயர்ப்பை ஆராயாமல் ஏற்றவன், சொல்லுக்குச் சொல் பொருள் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட நான்! இந்த ஒரு பிழையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் பலர் இதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அயல்மொழியில் சொல்லப்பட்டதைப் பாதி விளங்கிக்கொண்டு, உறக்கமின்றித் தவிக்கிறார்கள் என்பதை நான் அறிவேன்.

உடலின் இரும்புக் கணக்கு

வளர்ந்த ஆணின் உடம்பில் உள்ள இரும்பு முழுவதையும் திரட்டினால் ஏறத்தாழ 4 கிராம் தேறும். ஒரு சிறு ஆணியின் எடைதான். பெண்களுக்கு இன்னும் குறைவு. இதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, இரத்தத்தின் செந்நிறத்துக்குக் காரணமான ஹீமோகுளோபினில் அமைந்து, மூச்சுக்காற்றின் பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்கிறது. சிவப்பு அணு ஒன்றின் ஆயுள் சுமார் 120 நாள். அது மாயும்போது அதிலிருந்த இரும்பை உடல் வீணாக்குவதில்லை. மீட்டெடுத்துப் புதிய அணுக்களுக்கு வழங்குகிறது. நாள்தோறும் இவ்வாறு சுழலும் இரும்பு 20 முதல் 25 மில்லிகிராம். உணவிலிருந்து புதிதாக உறிஞ்சப்படுவதோ 1 முதல் 2 மில்லிகிராம்தான்.

இக்கணக்கில் ஒரு விந்தை உண்டு. உப்பு மிகுந்தால் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. நீர் மிகுந்தாலும் அவ்வாறே. இரும்பு மிகுந்தால் அதை வெளியேற்றுவதற்கென்று மனித உடலில் வழி எதுவும் இல்லை. தோலும் குடலின் உட்சவ்வும் உதிர்வதால் நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிகிராம் கழிகிறது. பெண்களுக்கு மாதவிடாயால் இன்னும் சிறிது கழிகிறது. அவ்வளவே. வெளியேறும் வாயில் இல்லாத வீட்டில் நுழையும் வாயிலைத்தான் காவல் காக்க வேண்டும். அந்தக் காவலைச் செய்வது ஈரல் சுரக்கும் ஹெப்சிடின் என்னும் சிறு புரதம். 2000ஆம் ஆண்டையொட்டிய சில ஆண்டுகளில்தான் விஞ்ஞானிகள் இதைக் கண்டறிந்தனர். உடலில் இரும்பு போதுமானால் ஹெப்சிடின் உயர்ந்து, குடலின் வாயிலை அடைக்கிறது. போதாதபோது அது தாழ்ந்து, வாயில் திறக்கிறது. ஆகவே உடல்நலமுள்ள ஒருவர் கீரையும் கேழ்வரகும் நிறைய உண்பதனாலேயே இரும்பு மிகுந்து நோயுறுவதில்லை. நான் பரணுக்கு அனுப்பிய தோசைக்கல் குற்றமற்றது!

மூன்று சொற்கள், மூன்று பொருள்கள்

பரிசோதனைத் தாள்களில் இரும்பைக் குறித்து மூன்று சொற்கள் வரும். மூன்றையும் ஒன்றென மயங்கலாகாது.

முதலாவது, இரத்த நீரில் அப்போது ஓடிக்கொண்டிருக்கும் இரும்பு. இது காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறாகவும் இருக்கும். முதல் நாள் விழுங்கிய ஒரு மாத்திரைகூட இதை உயர்த்திக் காட்டும். இதை மட்டும் கொண்டு ஒன்றும் முடிவு செய்ய இயலாது.

இரண்டாவது, டிரான்ஸ்ஃபெரின். இரும்பை ஏற்றிச் செல்லும் வண்டி என்று இதனைக் கொள்ளலாம். உள்ள வண்டிகளில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பதை நூற்று வீதமாகக் குறிப்பார்கள். இதற்கு டிரான்ஸ்ஃபெரின் நிறைவு வீதம் என்று பெயர். பொதுவாக 20 முதல் 45 வரை இருப்பது இயல்பு. வண்டிகள் எப்போதும் நிரம்பி வழிந்தால்தான், உண்மையாகவே சரக்கு மிகுந்து வருகிறதென்று ஐயுற வேண்டும்.

மூன்றாவது, ஃபெரிட்டின். இது குதிர். நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பதுபோல, உடல் தனக்கு உடனடியாகத் தேவைப்படாத இரும்பை இப்புரதக் கூட்டினுள் அடைத்து வைக்கிறது. ஒரு கூட்டில் 4500 இரும்பணுக்கள் வரை அடங்கும். செக் நாட்டு விஞ்ஞானி லாஃப்பெர்கர் 1937ஆம் ஆண்டு குதிரையின் மண்ணீரலிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தார். குதிர்கள் இருக்குமிடம் ஈரல், மண்ணீரல், எலும்பு மச்சை ஆகியன. அவற்றிலிருந்து சிறிதளவு இரத்தத்தில் கலந்து வருவதை அளப்பதே இன்றைய பரிசோதனை. 1970-களின் தொடக்கத்தில்தான் இதனை அளக்கும் முறை கைவந்தது.

குதிர்களின் எண்ணிக்கை குறைந்தால் நெல் இல்லை என்பது உறுதி. ஃபெரிட்டின் தாழ்ந்திருந்தால் இரும்புக் குறைவு என்று ஐயமின்றிச் சொல்லலாம். ஆனால் இதன் மறுதலை உண்மையன்று. குதிர்கள் மிகுந்திருப்பதனாலேயே நெல் மிகுந்திருக்கிறதென்று சொல்ல இயலாது. அச்சம் பிறக்குமிடம் இதுதான்.

குதிர் பெருகுவது ஏன்?

கிருமிகள் உடலில் புகும்போது அவையும் இரும்பை நாடுகின்றன. அதனால் உடல் தன் இரும்பைப் பூட்டி வைக்கிறது, ஹெப்சிடின் உயர்கிறது, ஃபெரிட்டின் பெருகுகிறது, வண்டிகளோ காலியாக ஓடுகின்றன. காய்ச்சல், மூட்டு வாதம், நாட்பட்ட அழற்சி, சில புற்றுநோய்கள் ஆகியவற்றில் இவ்வாறு நேர்கிறது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கோவிட் நோயாளிகள் பலருக்கு மருத்துவமனைகளில் ஃபெரிட்டின் பார்த்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது அளக்கப்பட்டது இரும்பின் சேமிப்பன்று, அழற்சியின் கடுமை.

இரண்டாவது காரணம் ஈரல். ஈரலின் உயிரணுக்கள் கொழுப்பாலோ மதுவாலோ மஞ்சள் காமாலைக் கிருமிகளாலோ சேதமுறும்போது, உள்ளிருக்கும் ஃபெரிட்டின் இரத்தத்தில் சிந்துகிறது. மூன்றாவது, நீரிழிவும் உடற்பருமனும் இரத்தக் கொதிப்பும் கூடி வரும் நிலை. இம்மூன்றும் சேர்ந்து நம் நகரங்களில் எவ்வளவு மலிந்துவிட்டன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நாற்காலியில் அமர்ந்து செய்யும் வேலை, இரவு நேரம் கழித்து உண்ணும் சோறு, பேருந்திலும் இரயிலிலும் கழியும் பொழுது ஆகியவை, பிழைப்புக்காக ஊர் பெயர்ந்த நமக்குப் புதிய ஊர் தந்த பரிசுகள். ஃபெரிட்டின் சற்றே உயர்ந்தவர்களில் பெரும்பாலோர் இவ்வகையினரே. உடலில் இரும்பு உண்மையாகவே மிகுந்தவர்கள் சிலரே.

உண்மையாகவே மிகுந்தால்

அச்சிலர் யாவர்? அவர்களுடைய வரலாறு 1865ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் தொடங்குகிறது. ட்ரூஸோ என்னும் புகழ்பெற்ற மருத்துவர், நீரிழிவும் ஈரல் சுருக்கமும் வெண்கல நிறம் படிந்த தோலும் ஒருங்கே கொண்ட நோயாளி ஒருவரைப் பற்றி எழுதினார். 1889இல் ஜெர்மானியரான ஃபொன் ரெக்ளிங்ஹவுஸென் இந்நோய்க்கு ஹீமோகுரோமடோசிஸ் என்று பெயரிட்டார். 1935ஆம் ஆண்டு ஆங்கில மருத்துவர் ஷெல்டன், அதுவரை வெளியான 311 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து ஆராய்ந்து, இது குடியால் வருவதன்று, பிறவியிலேயே பரம்பரையாக வருவது என்று எழுதினார். அவர் கூற்று மெய்யென நிலைநாட்டும் மரபணு 1996இல்தான் அகப்பட்டது. அதற்கு எச்.எஃப்.இ. என்று பெயர்.

இந்நோயில் காவலனான ஹெப்சிடின் தூங்கிவிடுகிறது. உடலில் இரும்பு நிறைந்திருந்தும் குடலின் வாயில் திறந்தே கிடக்கிறது. நாளொன்றுக்கு இரண்டு மூன்று மில்லிகிராம் மிகையாகச் சேர்ந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 கிராம். இருபது முப்பது ஆண்டுகள் ஓசையின்றிக் கழிகின்றன. நாற்பது, ஐம்பது வயதில் களைப்பு, ஆட்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் அடிக்கணுவில் வலி, தோல் கருத்தல், நீரிழிவு, ஈரல் சுருக்கம், இதயத் தளர்ச்சி என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். மாதவிடாயால் இரும்பு கழிவதால் பெண்களுக்கு இந்நோய் சில ஆண்டுகள் பிந்தி வெளிப்படுகிறது.

இதற்கான சிகிச்சை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. இரத்தத்தை எடுத்துவிடுவதே அது. ஒரு முறை எடுக்கும் அரை லிட்டர் இரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு வெளியேறும். மிகையாகச் சேர்ந்தது 10 கிராம் என்றால், வாரம் ஒரு முறையாக நாற்பது முறை எடுத்தால் கணக்குத் தீரும். அதன்பின் ஆண்டுக்கு மூன்று நான்கு முறை போதும். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர்கள் டேவிஸ், ஆரோஸ்மித் ஆகியோர் இம்முறையின் பயனை எடுத்துக் காட்டினர். ஈரல் சுருங்குமுன் தொடங்கினால் நோயாளி ஏனையோரைப் போலவே நெடுநாள் வாழலாம். ஆகவே, இந்நோயை வேளையில் அறிவதும் அறியாமல் விடுவதும் உயிர்ப் பிரச்சினை.

ஆனால் இங்கே ஒரு முக்கியமான செய்தியைக் குறிப்பிட வேண்டும். இந்நோயைப் பெரும்பாலும் உண்டாக்குவது சி282ஒய் என்னும் மரபணு மாற்றம். வட ஐரோப்பிய வமிசத்தினரில் ஏறத்தாழ 200 பேருக்கு ஒருவர் இதனைத் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரு படிகளாகப் பெற்றுள்ளனர். அயர்லாந்தில் இன்னும் அதிகம். இந்தியர்களிடமோ இது மிக மிக அரிது. எச்63டி என்னும் மற்றொரு மாற்றம் நம்மிடையே காணப்படுகிறது. ஆயினும் அது மட்டும் இருப்பதால் பொதுவாக இரும்பு மிகுவதில்லை. ஆதலால் மேல்நாட்டு நூல்களைப் படித்துவிட்டு, உயர்ந்த ஃபெரிட்டின் என்றாலே இப்பரம்பரை நோய்தான் என்று நாம் முடிவு கட்டுவது பொருந்தாது. வேறு மரபணுக்களின் கோளாறால் இந்தியர்க்கும் இந்நோய் வருவதுண்டு, அவை அரியன.

நம் நாட்டின் வழிகள்

நம் நாட்டில் இரும்பு மிகுவதற்கு முதன்மையான காரணம் வேறு. அது தலசீமியா. ஹீமோகுளோபினைச் செவ்வனே உண்டாக்க இயலாத பரம்பரைக் குறை இது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை இரத்தம் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு புட்டியுடனும் 200 மில்லிகிராமுக்குக் குறையாமல் இரும்பு உள்ளே செல்கிறது. இருபது புட்டிகளில் ஒரு முழு மனிதனின் இரும்பு, அச்சிறு உடலில் சேர்ந்துவிடும். இதனை நீக்க, இரும்பைப் பற்றிக்கொண்டு வெளியேறும் மருந்துகள் உள்ளன. 1960-களில் வந்த டெஸ்ஃபெரியாக்ஸமினை இரவெல்லாம் தோலின்கீழ் ஊசிவழி செலுத்த வேண்டியிருந்தது. வாயால் உண்ணும் டெஃபெரிப்ரோன் மருந்துக்கு 1990-களில் உலகிலேயே முதலில் அனுமதி அளித்த நாடு இந்தியா.

நோயுறாமல் அக்குறையைச் சுமப்பவர்கள் இன்னும் பலர். இந்தியரில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர் அவ்வாறு இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களுக்கு இலேசான சோகை இருக்கும். சிவப்பு அணுக்கள் உருவில் சிறியனவாக இருக்கும். பார்ப்பதற்கு இரும்புக் குறைவைப் போலவே தோன்றும். அதனால் ஆண்டுக்கணக்கில் இரும்பு டானிக் குடிக்கிறவர்கள் உண்டு. சோகையும் தீராது, ஃபெரிட்டினும் உயரும். ஹீமோகுளோபின் ஏ2 என்னும் பரிசோதனை ஒன்றே உண்மையைக் காட்டிவிடும். கணவன் மனைவி இருவரும் சுமப்பவர்களாயின் ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு கடும் நோய்க்கு இடமுண்டு. ஆகவே இது மணப்பருவத்தில் மக்களை உடைய குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

உணவுப் பழக்கத்தால் இரும்பு மிகுந்ததற்கும் உலகில் உதாரணம் உண்டு. தென்னாப்பிரிக்காவின் சிற்றூர்களில், இரும்புக் கலங்களில் புளிக்க வைத்த மதுவை நெடுங்காலம் அருந்தியவர்களின் ஈரலில் இரும்பு மிகுதியாகப் படிந்திருந்ததை 1920-களிலேயே மருத்துவர்கள் கண்டனர். புளிப்பு இரும்பைக் கரைக்கும் இயல்புடையது. நம் வீட்டு இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தாலும் சிறிது இரும்பு இறங்கவே செய்யும். ஆனால் அது குறையுள்ளவர்க்கு நன்மை செய்யும் அளவே அன்றி, நலமுள்ளவரை நோயாளியாக்கும் அளவன்று.

செறிவூட்டிய அரிசியைப் பற்றியும் நேயர்கள் கேட்பதுண்டு. அரசுத் திட்டங்களின்வழி வழங்கும் அரிசி முழுவதையும் 2024க்குள் செறிவூட்டுவதாக 2021 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் அறிவித்தார். கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு சேர்க்கலாம் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த அளவு. நாளொன்றுக்கு 150 கிராம் அரிசி உண்பவருக்கு இதனால் கிடைப்பது 4 முதல் 6 மில்லிகிராம். அதிலும் உடல் உறிஞ்சுவது சிறு பகுதியே. 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை இத்திட்டத்தை 2028 டிசம்பர் வரை நீட்டிக்க ஒப்பியது. எனினும் அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் அனுரா குர்பாட், டில்லியைச் சேர்ந்த டாக்டர் சச்தேவ் முதலியோர், இரும்பு தேவைப்படாதவர்க்கும் எல்லாருக்கும் ஒன்றாக அதை வழங்குவது தக்கதா என்ற வினாவை எழுப்பியுள்ளனர். பெரும்பாலோர் அஞ்ச வேண்டியதில்லை. தலசீமியா உடையவர்கள் மட்டும், எந்த மாநிலத்தில் எந்த அரிசியை உண்பதாயினும், தம் மருத்துவரைக் கலந்துகொள்ளுதல் நன்று.

விடை தேடும் முறை

இனி, உயர்ந்த ஃபெரிட்டின் தாளைக் கையில் வைத்திருப்பவர் என்ன செய்ய வேண்டும்? என் மருத்துவர் பின்பற்றிய வரிசையையே சொல்லுகிறேன்.

முதலில், காய்ச்சலோ வேறு நோயோ இல்லாத ஒரு நாளில், காலை வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்து, ஃபெரிட்டினுடன் டிரான்ஸ்ஃபெரின் நிறைவு வீதத்தையும் பார்க்க வேண்டும். முதல் நாள் இரும்பு மாத்திரையோ வைட்டமின் சி மாத்திரையோ உட்கொள்ளலாகாது. இந்த ஒரு வீதம் பாதி விடையைத் தந்துவிடும். அது 45க்குக் கீழே இருந்தால், காரணம் பெரும்பாலும் அழற்சியோ ஈரலோ சர்க்கரையோதான், அவற்றைத் தேடலாம். மீண்டும் மீண்டும் 45க்கு மேல் நின்றால், ஈரலில் படிந்த இரும்பைக் காந்தப் படக்கருவி கொண்டு அளக்கவும் மரபணுவைப் பார்க்கவும் நிபுணரிடம் செல்ல வேண்டும். ஃபெரிட்டின் 1000ஐக் கடந்தாலும் காலம் தாழ்த்தலாகாது.

அடுத்து, தாம் உட்கொள்ளும் மருந்துகள் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சத்து மாவு, டானிக், லேகியம், பற்பம், செந்தூரம் ஆகியவையும் இதில் அடங்கும். செந்தூரங்களில் சில இரும்பையே மூலப்பொருளாகக் கொண்டவை. சில ஆண்டுகளுக்கு முன், களைப்பு என்று நான் சொன்னவுடன், ஓரிடத்தில் பரிசோதனை ஏதுமின்றி இரும்பு டானிக் எழுதிக் கொடுத்தார்கள். எட்டு மாதம் குடித்தேன். அதை இம்மருத்துவரிடம் சொல்லவே எனக்குத் தோன்றவில்லை. அவராகக் கேட்டபின்தான் நினைவு வந்தது. மது அருந்துபவர் அளவைக் குறைத்துச் சொல்லுவதும் இவ்வாறே தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

மூன்றாவது, குடும்ப வரலாறு. "உங்கள் தந்தையார் எதனால் காலமானார்?" என்று மருத்துவர் கேட்டபோது என்னால் விடை சொல்ல முடியவில்லை. நான் ஊரை விட்டு வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. அவர் மறைந்தபோது ஈமக்கடன்களுக்குப் போய்ச் சேர்ந்தேனேயன்றி, நோயின் பெயரைக் கேட்டறியவில்லை. திருநெல்வேலியில் இருக்கும் என் அக்காளைத் தொலைபேசியில் அழைத்தேன். "சர்க்கரை இருந்தது, தம்பி, கடைசியில் வயிறு வீங்கிப் போயிற்று, ஈரல் கெட்டுவிட்டதென்று சொன்னார்கள். அப்பா ஒரு நாளும் குடித்தவரல்லர்" என்றாள். வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இது பெரிய குறை. உறவினரின் நோய் ஊரில் இருக்கிறது. நம் மருத்துவச் சீட்டுகள் இங்கே இருக்கின்றன. இரண்டும் ஓரிடத்தில் சேர்வதே இல்லை. மாற்றலாகி வேறு நகரம் போகும்போது பழைய தாள்களையும் எறிந்துவிடுகிறோம். தனியொரு தாள் மருத்துவருக்குப் பெரிதும் உதவாது. ஐந்தாண்டுத் தாள்கள் வரிசையாக இருந்தால் அவையே பாதி நோயைச் சொல்லிவிடும். பரம்பரை நோய் ஒருவருக்கு உறுதியானால், உடன்பிறந்தோர் ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் சொல்லி அனுப்புவது கடமை.

நான்காவது, மருத்துவர் சொல்லுமுன் நாமே வைத்தியம் செய்துகொள்ளலாகாது. இரத்தம் எடுத்துவிட்டால் சரியாகும் என்று கேள்விப்பட்டு, காரணம் தெரியுமுன் அதையே நாடுவதும் தவறு. காரணம் அழற்சியாயின் இரத்தம் எடுப்பதால் பயனில்லை. அழற்சியால் வந்த சோகை அதனால் இன்னும் மிகும்.

ஒரு வீட்டில் இரு தாள்கள்

என் கதையை முடித்துவிடுகிறேன். என் நிறைவு வீதம் 31. இரும்பு மிகவில்லை. ஒலியலைப் படத்தில் ஈரலில் கொழுப்பு படிந்திருப்பது தெரிந்தது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.1, நீரிழிவின் வாயிற்படி அது. இடுப்பின் சுற்றளவு 98 சென்டிமீட்டர். நம் நாட்டு ஆண்களுக்கு 90க்குள் இருத்தல் நலம். ஃபெரிட்டின் எனக்கு அறிவித்தது இரும்பை அன்று. என் தந்தையார் சென்ற வழியிலேயே நானும் நடந்துகொண்டிருந்தேன் என்பதைத்தான்! அதன்பின் நாள்தோறும் விடியலில் அலசூர் ஏரிப் பக்கம் நடக்கத் தொடங்கினேன். இரவுச் சோற்றைக் குறைத்தேன். ஓராண்டில் 6 கிலோ எடை குறைந்தது. ஃபெரிட்டின் 370க்கு இறங்கியது. இன்னும் அச்சிட்ட எல்லைக்கு மேலேதான் இருக்கிறது. ஆனால் இறங்குமுகமாக இருக்கிறது. அது போதும் என்கிறார் மருத்துவர்.

அதே மருத்துவர், என் தாள்களைப் பார்த்து முடித்த அன்று, உடன் வந்திருந்த என் மனைவியின் கண்ணிமையைக் கீழிழுத்துப் பார்த்துவிட்டு, அவளுக்கும் பரிசோதனை எழுதினார். ஹீமோகுளோபின் 9.6, ஃபெரிட்டின் 8. ஒரே உலைச் சோறு, ஒரே கீரை, ஒரே தோசைக்கல். எனக்கு 630, அவளுக்கு 8. என் தாளைத் தவறாகப் பொருள்கொண்டு அவளுடைய மருந்தை நிறுத்தியவன் நான். அந்த ஆறு மாதமும் அவள் மாடிப்படி ஏறும்போது இடையில் நின்று மூச்சு வாங்கியதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. கருவுற்றவர்களும் சோகையுற்ற பெண்களும் மற்றொருவருடைய தாளைக் கண்டு அஞ்சித் தம் இரும்பு மாத்திரையை நிறுத்திவிடலாகாது என்பதை வற்புறுத்தவே இதனை வெளிப்படையாக எழுதுகிறேன்.

மொழிபெயர்ப்பு வேலையில் சேர்ந்த புதிதில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம், ஒரு சொல்லைத் தனியே எடுத்துப் பொருள் கூறாதே, அது நிற்கும் வாக்கியத்தைப் படி என்பது. இரத்தப் பரிசோதனையில் வரும் எண்ணும் ஒரு சொல்லே. நிறைவு வீதம், ஈரலின் நிலை, சர்க்கரை, சிவப்பு அணுவின் அளவு, குடும்பத்தின் வரலாறு ஆகிய அனைத்தும் கூடினால்தான் அது வாக்கியமாகும். உயர்ந்த எண்ணைக் கண்டு அஞ்சி ஓடவும் வேண்டா. அலட்சியமாக ஒதுக்கவும் வேண்டா. அது ஒரு வினா. முறையாகத் தேடினால் பெரும்பாலும் அதற்கு விடை உண்டு.

தோசைக்கல் பரணிலிருந்து இறங்கிவிட்டது. முருங்கைக்கீரையும் வாரம் இருமுறை வருகிறது. என் மனைவியின் ஹீமோகுளோபின் இப்போது 12.